பால்மரக் காடும் ஓர் அறிவியற் கூடம்



அறிவியல் என்பது பட்டணத்துப் பிள்ளைகளின் பாடம் என்றும், அதனைக் கற்க ஆய்வுக்கூடமும் கண்ணாடிக் குப்பிகளும் வேண்டும் என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் சரிதானா என்பதை அறிய, பட்டணத்துப் பிள்ளைகள் அப்பாடத்தைக் கற்கும் முறையையே இன்று நோக்குவோம்.

அண்டை நாடாகிய சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பில் அறிவியற் பாடம் தொடங்குகிறது. பல நாடுகளின் நான்காம் வகுப்பு மாணவர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் 'டிம்ஸ்' என்னும் அனைத்துலக ஆய்வில், 2015, 2019, 2023 ஆகிய மூன்று முறையும் அறிவியலில் அந்நாடே முதலிடம் பெற்றது.

அங்கே இப்பாடம் பல்வகைமை, சுழற்சி, அமைப்பு, இடைவினை, ஆற்றல் என ஐந்து பெருந்தலைப்புகளில் கற்பிக்கப்படுகிறது. பெயர்கள் பெரியவை, பொருளோ எளியது. தேக்கா சந்தைக்குத் தாயுடன் செல்லும் ஒரு சிறுமி, அங்குள்ள காய்கறிகளில் எது வேர், எது தண்டு, எது இலை எனப் பிரித்துப் பார்த்தால் அதுவே பல்வகைமைப் பாடம். உருளைக்கிழங்கு மண்ணுக்குள் விளைந்தாலும் வேரன்று, தண்டே என்று அறியும்போது அவள் வியப்படைகிறாள். அவ்வியப்பே அறிவியலின் தொடக்கம். விடைகளை மனப்பாடம் செய்யும் வழக்கம் அங்கும் இல்லாமல் இல்லை. எனினும் பிள்ளை தானே கண்டு, ஊகித்து, செய்து பார்த்து, காரணம் கூறவேண்டும் என்பதே அப்பாடத்திட்டத்தின் நோக்கமாகும்.

இனி நம் தோட்டத்திற்கு வருவோம். விதைகள் பரவும் விதத்தைச் சிங்கப்பூர் மாணவர் படிக்கும்போது, வெடித்துச் சிதறும் கனிக்கு எடுத்துக்காட்டாக அவர்களுக்குச் சொல்லப்படுவனவற்றுள் ஒன்று எது தெரியுமா? நமது ரப்பர்க் காயே! அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை அதனைப் படத்தில் காண்கிறது. நம் பிள்ளையோ அது வெடிக்கும் ஓசையை நண்பகலில் காதாரக் கேட்கிறது. மூன்று கொட்டைகள் மூன்று திசையில் தெறிப்பதைக் கண்ணாரக் காண்கிறது. அக்கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தோழனின் கையில் சூடு வைத்துச் சிரிக்கிறதே, அவ்விளையாட்டிலும் உராய்வினால் வெப்பம் பிறக்கும் என்னும் ஆற்றற் பாடம் அடங்கியிருக்கிறது.

நாம் செய்யும் தொழிலே உற்றுநோக்கலின் பயனாகும். 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்து சேர்ந்தன. 1888 முதல் 1911 வரை அப்பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியை ஆராய்ந்தார். முன்னைய வெட்டின் ஓரத்தையே மெல்லியதாகச் சீவினால் பால் தொடர்ந்து சுரக்கும் எனக் கண்டார். இன்று நம் கத்தி பட்டையைச் சீவும் முறை அவ்வாராய்ச்சியின் வழி வந்ததே.

ஆகவே, பெற்றோர்களே! "விடியுமுன் ஏன் வெட்டுகிறீர்கள்?" என்று பிள்ளை கேட்டால், "சும்மா இரு" என்று அதன் வாயை அடைக்காதீர்கள். குளிர்ந்த வேளையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அதனால் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற அவ்வழுத்தம் குறையும் என்று சொல்லுங்கள். அமிலம் சேர்த்ததும் பால் உறைவதைத் தொலைவில் நின்று பார்க்கச் செய்யுங்கள். ஆனால் அமிலம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். பிள்ளைகளின் கைக்கு அது எட்டலாகாது.

விடை தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டுவதில்லை. "நாளை உன் ஆசிரியரைக் கேட்டு வந்து எனக்கும் சொல்" என்று கூறுங்கள். அவ்வொரு சொல் பிள்ளையை வகுப்பில் கையுயர்த்திக் கேட்கச் செய்யும். வேலை முடிந்து அலுத்து வரும் நமக்கு இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதும் கடினமே. ஆயினும் வீட்டில் கேள்வி கேட்டுப் பழகாத பிள்ளை வகுப்பிலும் வாய்மூடியே இருக்கும். தேர்வுத் தாள் வரும் நாளில் அதன் குறை தெரியும்.

ஆய்வுக்கூடம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதன் கதவைத் திறக்கும் சாவி பிள்ளையின் கேள்வி. அதனைக் காப்பது நம் கடமையாகும்.