மாகாணிக்குள் ஒரு கூட்டல்



அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என எழுதும் மாணாக்கர் வகுப்புதோறும் உளர். மேலெண்ணோடு மேலெண்ணையும், கீழெண்ணோடு கீழெண்ணையும் சேர்த்து முடித்து விடுகின்றனர். ஐந்தில் இரண்டோ அரையினும் சிறிது! அரையோடு மற்றொன்றைச் சேர்த்த பின்னும் அஃது அரையினும் குறையுமா என அம்மாணாக்கன் எண்ணிப் பாராதது அறிவுக் குறைவால் அன்று. 'பின்னம்' என்னும் வடசொல்லை முன்னிறுத்தி, முறையை மட்டும் உருப்போடச் செய்து விட்டனர். கூறு என்பது யாதென அவனுக்குத் தன் மொழியால் விளக்கப்படவில்லை.

தமிழர் முழுவெண்ணை மேல்வாயிலக்கம் என்றும், கூற்றெண்ணைக் கீழ்வாயிலக்கம் என்றும் வழங்கினர். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி பயின்ற சிறுவர் ஒவ்வொரு கூற்றையும் தனிப் பெயரால் அறிந்தனர். நான்கில் ஒன்று கால். எட்டில் ஒன்று அரைக்கால். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. பதினாறில் ஒன்றுக்கு வீசம் என்று ஒரு பெயர்; மாகாணி என்று மற்றொரு பெயர்.

அம் மாகாணியைப் பிரித்துப் பாருங்கள். மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி! 1/20-ஐயும் 1/80-ஐயும் கூட்ட வேண்டும். மா ஒன்றுக்குக் காணி நான்கு. நான்கு காணியோடு ஒரு காணி சேர ஐந்து காணி, அதாவது 5/80. சுருக்கினால் 1/16. கீழெண் வேறுபட்ட இரு கூறுகளைக் கூட்டும் முறை முழுவதும் இவ்வொரு சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றது! அரைமாவும் காணியும் சேர்ந்தால் முக்காணி, 3/80. அதுவும் அவ்வாறே.

இக்காலப் பாடநூல் கீழெண்ணைப் பகுதி என்றும் மேலெண்ணைத் தொகுதி என்றும் கூறுவது நன்று. பகுத்தது பகுதி, தொகுத்தது தொகுதி. பகுத்த அளவு ஒன்றாகாத வரை தொகுக்க இயலாது என்பதை அச்சொற்களே உணர்த்தும். ஆனால் எத்தனை வகுப்புகளில் இச்சொற்பொருள் சொல்லப்படுகின்றது?

உருபாவுக்குப் பதினாறு அணா இருந்த நாளில் ஓர் அணா என்பது உருபாவில் வீசம். 1957 ஏப்பிரல் முதல் நாள் நூறுகாசு முறை வந்தபின் கடைத்தெருவில் வீசத்துக்கு வேலை குறைந்தது. அம்மாற்றத்தைக் குறை கூறுவதற்கில்லை. நூற்றால் எண்ணுவது எளிதே. கூட்டலைக் கற்பிக்கும் இடத்திலுமா மாவையும் காணியையும் கைவிட வேண்டும்?

காலும் அரைக்காலும் மாவும் கூட்ட வேண்டுமாயின் மூன்றையும் முந்திரியாக்குக. 80, 40, 16. ஆக 136 முந்திரி. 136/320-ஐச் சுருக்கினால் 17/40.

ஒன்று மறக்கலாகாது. 320-ஐ மூன்றால் எச்சமின்றி வகுக்க இயலாது. மூன்றில் ஒன்று முந்திரியுள் அடங்காது. முந்திரியே எல்லாவற்றுக்கும் போதும் எனப் பெருமை பேசுவது தமிழ்ப்பற்று ஆகாது. ஆங்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்காகிய ஆறைக் கொள்ளல் வேண்டும். அரை என்பது 3/6, மூன்றில் ஒன்று 2/6, கூட்டினால் 5/6. மாவைக் காணியாக்கிப் பழகிய பிள்ளைக்கு அரையை ஆறில் மூன்றாக்குவது புதிதாய்த் தோன்றாது.