புத்தர் தத்துவமும் நம் ஆலயக் கல்வி நிதியும்

(ஆலயக் கல்வி நிதி வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



ஜொகூர் மாநிலப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கல்வியின் சிறப்பைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை பேசிவிட்டு அமர்வது என் போன்றவர்களுக்கு எளிது. ஆனால் இவ்வாண்டு நம் கல்வி நிதிக்கு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று அப்படிப் பேசி அமர என்னை விடவில்லை.

நம் ஆலயத் தேவார வகுப்பில் பாடி வளர்ந்த ஒரு பெண் பிள்ளை, இளங்கலைப் பட்டம் முடித்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பௌத்த தத்துவம் படிக்க இடம் பெற்றிருக்கிறார். பயணச் செலவுக்கும் முதலாண்டுக் கட்டணத்திற்கும் உதவி கேட்டிருக்கிறார். முடிவு இன்னும் ஆகவில்லை. ஆகவே பெயரைச் சொல்வது முறையன்று. இதைக் கேள்விப்பட்ட நன்கொடையாளர் ஒருவர் என்னைத் தேர் மண்டபத்தருகே நிறுத்தி, “ஐயா, அம்பாள் உண்டியலில் விழுந்த காசை எடுத்துப் புத்த மதம் படிக்க அனுப்புவதா?” என்று கேட்டார். அவர் கேள்வியில் கோபம் இருந்தது, நியாயமும் இருந்தது. பல ஆண்டுகளாக நம் ஆலயத்திற்குக் கொடுத்து வருபவர் அவர். அவருக்கு அன்று நின்றபடியே பதில் சொல்லாமல், இந்த அவையில் சொல்கிறேன்.

முதலில் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராச சோழன் சிவபாத சேகரன் என்று பெயர் பெற்றவன். அவனுடைய சைவப் பற்றில் யாருக்கும் ஐயம் இராது. அவன் காலத்தில் கடாரத்து அரசன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். கடாரம் என்பது நம் கெடா மாநிலந்தான். அந்த விகாரத்திற்கு இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1006இல், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைத் தானமாக விட்டான். தந்தை செய்த அறம் நிலைக்க வேண்டும் என்று மகன் இராசேந்திரன் அதைச் செப்பேட்டில் பொறித்துக் கொடுத்தான். நெடுங்காலம் ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்தில் இருந்தமையால் அவற்றுக்கு லைடன் செப்பேடுகள் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அதே இராசேந்திரன்தான் 1025இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான். அரசியலில் பகை வந்தது. ஆனால் விகாரம் அழியவில்லை. 1090ஆம் ஆண்டு முதற் குலோத்துங்கன் அதற்கு மீண்டும் சலுகைகளை உறுதி செய்து இன்னொரு செப்பேடு கொடுத்திருக்கிறான். நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து 1856 முதல் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் 300க்கும் மேற்பட்டவை. சிவன் கோயிலுக்கு விளக்கெரித்த அரசர், புத்தர் பள்ளிக்கும் ஊர் கொடுத்தார்கள். அதனால் சைவம் தேயவில்லை. சோழர் காலத்தில் அது ஓங்கியே நின்றது.

“அது அரசர் கொடுத்த தானம். படிப்பது வேறு அல்லவா?” என்று கேட்கலாம். படிப்புக்கும் வருகிறேன்.

காஞ்சிபுரத்தை நாம் காமாட்சி அம்மன் ஊர் என்று அறிவோம். அந்தக் காஞ்சியில் பிறந்த தருமபாலர், வட இந்தியாவில் நாளந்தாப் பெரும் பள்ளியின் தலைமை ஆசானாக விளங்கினார். அவருடைய மாணவர் சீலபத்திரர். ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கால்நடையாகப் பாலைவனமும் பனிமலையும் கடந்து வந்த யுவான் சுவாங், நாளந்தாவில் அந்தச் சீலபத்திரரிடம் பாடம் கேட்டார். அப்படியானால், அந்தப் பெரும் சீனத் துறவிக்குக் காஞ்சிபுரத்துக்காரர் ஆசானுக்கு ஆசான் ஆகிறார்! யுவான் சுவாங் தாயகம் திரும்பி, 659ஆம் ஆண்டில் சீன மொழியில் தந்த ஒரு பெருநூலில் தருமபாலரின் கருத்துகளே முதன்மை பெறுகின்றன. அவற்றின் வடமொழி மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. அதாவது, காஞ்சியில் பிறந்த ஓர் அறிஞர் என்ன சிந்தித்தார் என்பதை அறிய, இன்று நாம் சீன ஏட்டைத்தான் புரட்ட வேண்டும். அளவை நூல் வல்ல திக்நாகரும் காஞ்சிப் பக்கத்தவர் என்பது திபெத்தியர் மரபு. அவருடைய தலையாய நூல் முழுமையாக நிலைத்திருப்பது திபெத்திய மொழிபெயர்ப்பில்.

இங்கே ஒன்றை நினைத்துப் பாருங்கள். விண்ணப்பித்திருக்கும் இந்தப் பிள்ளை தொடக்கக் கல்வியைச் சீனப் பள்ளியில் படித்தவர். பழஞ்சீனம் வேறு, பள்ளிச் சீனம் வேறு என்பது எனக்குத் தெரியும். ஆயினும் எழுத்தறிந்தவருக்கு வாசற்படி எட்டிவிட்டது. தமிழும் சீனமும் ஒருங்கே அறிந்த பிள்ளைகள் இந்த மலேசிய மண்ணில்தான் மிகுதியாக இருக்கிறார்கள். தருமபாலரைத் தமிழுக்குத் திரும்பக் கொண்டுவர இவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்து, தமிழ் இலக்கியத்திற்கு வருவோம். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலை ஒரு பௌத்த காப்பியம். அதன் 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி மாநகரில் அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி என்று பத்துச் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். 29ஆம் காதையின் பெரும்பகுதி அளவை நூல். மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு இருக்க வேண்டும். நம் வீட்டு அடுப்படியில் பார்த்ததுதானே என்று நாம் துணிகிறோம். இந்தத் துணிவு எப்போது சரி, எப்போது தவறு என்று அங்கே வகை வகையாகப் பிரித்துக் காட்டப்படுகிறது. 30ஆம் காதை, துன்பம் ஒன்றைச் சார்ந்து ஒன்றாக எப்படித் தோன்றுகிறது என்பதை விளக்குகிறது. வடமொழியில் அவித்தியை என்பதைச் சாத்தனார் பேதைமை என்கிறார்; நாமரூபம் அவரிடம் அருவுரு ஆகிறது; ஸ்பரிசம் ஊறு ஆகிறது; திருஷ்ணை வேட்கை ஆகிறது. பல்கலைக்கழகத்தில் பாலியிலும் ஆங்கிலத்திலும் தட்டுத்தடுமாறிப் படிக்கும் கலைச்சொற்களுக்கு நம் மொழியில் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல் இருக்கிறது!

இந்த நூலை நமக்கு மீட்டுக் கொடுத்தவர் யார்? திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் பயின்ற, நெற்றியில் திருநீறு துலங்கிய தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் அவர்கள். சமண நூலான சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமணர்கள் அவருக்கு ஐயம் தீர்த்தார்கள். மணிமேகலைக்கு அப்படிப் பாடம் சொல்லப் பௌத்த ஆசிரியர் அவருக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய ரங்காசாரியார் அவர்கள் பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்துச் சொல்ல, ஐயரவர்கள் கேட்டுத் தெளிந்தார். 1898இல் மணிமேகலை அச்சேறியபோது, புத்தர் சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றையும் எழுதிச் சேர்த்தார். பௌத்தம் படித்ததால் அவருடைய சைவம் கெட்டதா? இல்லை. அவர் படிக்காமல் விட்டிருந்தால், தமிழன்னையின் அணிகலன்களுள் ஒன்றின் பொருள் நமக்கு எட்டாமலே போயிருக்கும்.

இனி நம் சைவ சித்தாந்தத்தையே எடுத்துக்கொள்வோம். மெய்கண்டார் மரபில் வந்த அருணந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞான சித்தியாருக்குப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகள். பரபக்கம் என்பது பிறர் கொள்கை. அது முன்னே வருகிறது. நம் கொள்கையாகிய சுபக்கம் பின்னே வருகிறது. அந்தப் பரபக்கத்தில் உலகாயதனை அடுத்துச் சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்று நால்வகைப் பௌத்தரும் வருகிறார்கள். ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் எடுத்துரைத்து, அதன் பிறகே ஆசிரியர் மறுக்கிறார். எதிரியின் வாதத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரியாதவனுக்கு மறுக்கும் உரிமை இல்லை என்பது நம் ஆசாரியர்கள் காட்டிய வழி.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நம் கருவறையில் தூண்டாமணி விளக்கு இரவும் பகலும் எரிகிறது. பௌத்தர் சொல்வார்: “நேற்று எரிந்த சுடர் வேறு, இன்று எரியும் சுடர் வேறு. எண்ணெயும் திரியும் கணந்தோறும் மாறுகின்றன. ஒரே விளக்கு என்பது நம் பேச்சு வழக்குத்தான். ஆன்மா என்பதும் அப்படியே.” நம்மவர் திருப்பிக் கேட்பார்: “நேற்றைய சுடரையும் இன்றைய சுடரையும் ஒப்பிட்டு வேறு என்று சொன்னது யார்? நேற்றுப் பார்த்தவனே இன்றும் இருந்தால் அல்லவா அப்படிச் சொல்ல முடியும்? வினை செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் வேறொருவன் என்றால் நீதி எங்கே?” அதற்கும் பௌத்தரிடம் பதில் உண்டு, அந்தப் பதிலுக்கு நம்மிடம் மறுப்பு உண்டு. பல நூற்றாண்டுகள் நடந்த இந்த வாதத்தில் ஒரு பக்கத்தை மட்டும் படித்தவன், பாதி உரையாடலைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவன் ஆவான்.

பண்டித மதன் மோகன் மாளவியா அவர்களின் முயற்சியால் 1916இல் எழுந்த காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இந்து என்ற சொல் இருக்கிறது. அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்த டி.ஆர்.வி. மூர்த்தி அவர்கள் 1955இல் வெளியிட்ட நூல், நாகார்ச்சுனரின் மாத்தியமிகத் தத்துவத்தைப் பற்றியது. இன்றும் அத்துறையில் மதிக்கப்படுவது. திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள் தம்மபதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1950இல் வெளியிட்டார்கள். இவர்கள் வழியில்தான் இந்தப் பிள்ளையும் போக விரும்புகிறார்.

நன்கொடையாளர் கேட்ட இன்னொரு கேள்வியையும் மறைக்க விரும்பவில்லை. “படித்துவிட்டு மதம் மாறிப் போனால்?” என்றார். மாறவே மாட்டார் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைக்கும் அப்படி எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் பல்கலைக்கழகத்தில் பௌத்த தத்துவம் படிப்பது தீட்சை வாங்குவது அன்று. பாலி, வடமொழி இலக்கணம், மூல பாடம், உரை, தருக்கம் என்று இரவெல்லாம் கண் விழித்துப் படிக்கும் படிப்பு அது. நம் பிள்ளைகள் நம்மைவிட்டு விலகுவது அதிகம் படிப்பதால் அன்று. அவர்கள் கேட்கும் கேள்விக்கு, “சாமி குத்தம், பேசாதே” என்று நாம் வாயடைப்பதால்தான். விளக்கம் சொல்லத் தெரிந்த ஒருவர் நம் ஆலயத்தில் இருந்தால், பத்துப் பிள்ளைகள் தங்குவார்கள்.

“வேலை கிடைக்குமா?” என்ற கேள்வியும் உண்டு. கணக்காயர்போல உடனே கிடைக்காது. கற்பித்தல், மொழிபெயர்ப்பு, அரும்பொருளகம் என்று வழிகள் குறுகியவைதாம். அதனால்தான் வங்கி இப்படிப்பட்ட படிப்புக்குக் கடன் தரத் தயங்கும். வங்கி தயங்குகிற இடத்தில் அறநிதி கை கொடுக்கவில்லை என்றால், அறநிதி என்ற பெயர் எதற்கு?

ஆகவே செயலவைக்கு என் தனிப்பட்ட வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, இந்தப் பிள்ளைக்கு முதலாண்டு உதவியை வழங்குவோம். அடுத்த ஆண்டு உதவியைத் தேர்ச்சி கண்டு முடிவு செய்வோம். இரண்டாவது, அவர் விடுமுறையில் வரும்போதெல்லாம் நம் ஞாயிறு சமய வகுப்பில் மணிமேகலையும் சித்தியார் பரபக்கமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று கேட்போம். மூன்றாவது, நம் ஆலய நூலகத்தில் உ.வே.சா. பதிப்பித்த மணிமேகலை, உரையுடன் சிவஞான சித்தியார், மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1940இல் எழுதிய ‘பௌத்தமும் தமிழும்’ ஆகிய நூல்களை வாங்கி வைப்போம். இந்த மூன்றாவதற்கு ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

விசாக தினத்தன்று நம் அண்டை வீட்டுச் சீனர்கள் புத்தர் கோயிலுக்குப் போகிறார்கள். அதே வைகாசி விசாகத்தில் நாம் முருகப் பெருமானுக்குப் பால்குடம் எடுக்கிறோம். ஒரே தெருவில், ஒரே மாதத்தில் நடக்கும் இரண்டு விழாக்கள். அவர்கள் யாரை வணங்குகிறார்கள், அவர் என்ன சொன்னார் என்று நம் பிள்ளைகள் கேட்டால், சொல்லத் தெரிந்தவர் நம் வீட்டிலும் ஒருவர் இருக்கட்டும்.

என் சொல்லில் நியாயம் இருக்கிறதா என்பதை நன்கொடையாளப் பெருமக்களாகிய நீங்களே எண்ணிப் பார்த்து, அடுத்த மாதக் கூட்டத்திற்குள் உங்கள் கருத்தைச் செயலாளரிடம் தெரிவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். மறுத்துச் சொல்ல விரும்புகிறவர்களும் தயங்காமல் சொல்லுங்கள்; பரபக்கத்தையும் கேட்பதுதானே நம் மரபு!

எல்லாம் வல்ல அம்பாளின் திருவருள் நம் பிள்ளைகள் அனைவருக்கும் துணை நிற்கட்டும் என்று வேண்டி விடைபெறுகிறேன்.