மார்த்தாள் வீட்டுக் கொழுக்கட்டை

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி மேடையில் ஏறிக் கொழுக்கட்டையைப் பற்றிப் பேசுகிறானே என்று நகைக்க வேண்டாம். நம் மயிலாடுதுறையில் கொழுக்கட்டை என்றதும் பிள்ளையார் சதுர்த்திதான் நினைவுக்கு வரும். ஆனால் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடுகளில் குருத்து ஞாயிறுக்கு முந்திய நாளுக்குக் கொழுக்கட்டைச் சனி என்றே பெயர்.

காரணம் அருளப்பர் நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்னதாக இயேசு பெத்தானியாவுக்கு வருகிறார். அங்கே அவருக்கு விருந்து, மார்த்தாள் பரிமாறுகிறாள். அவள் என்ன சமைத்தாள் என்று நற்செய்தி சொல்லவில்லை. பெத்தானியா தென்னை விளையும் ஊருமல்ல. ஆண்டவர் தங்கள் வீட்டுக்கு வந்தால் எதைச் செய்து படைப்பார்களோ, அதையே அந்தத் தாய்மார் செய்து வைத்தார்கள். நோன்புக் காலமாதலால் இறைச்சி, முட்டை, பால் கிடையாது. அரிசிமாவு, தேங்காய், வெல்லம். ஆவியில் வெந்தால் போதும்.

இதில் நாம் காணக்கூடிய பொருள் என்ன? மேலே இருப்பது இடிபட்ட அரிசி. மண்ணில் விழுந்து மடிகிற மணியைப் பற்றி ஆண்டவர் பேசியதும் இதே 12-ஆம் அதிகாரத்தில்தான். அவர் சொன்னது கோதுமை மணி. நாற்றங்காலில் விதைநெல் தெளிக்கும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பதைப் பூரணம் என்கிறோம். பூரணம் என்றால் நிறைவு. நம் பாட்டிமார் மங்கள வார்த்தை செபத்தில் மரியன்னையை அழைத்த சொல்லும் இதுவே. மடிந்த மணிக்குள் நிறைவு இருக்கிறது.

இன்னும் ஒன்று. சாவு விழுந்த வீட்டில் நாம் பண்டிகைக்குப் பலகாரம் சுடுவதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. மார்த்தாளின் வீடும் அத்தகைய வீடுதான். சகோதரன் லாசரைக் கல்லறையில் வைத்து அழுத வீடு. அந்த வீட்டில் அடுப்பு மூட்டி விருந்து வைக்கிறார்கள். நான்கு நாள் கல்லறையில் கிடந்தவனே பந்தியில் அமர்ந்திருக்கிறான். விருந்துண்ட ஆண்டவரோ ஒரு வாரத்துக்குள் தாமே சாகப் போகிறார். சாவுக்கு முன்னும் பின்னும் அன்பு சமைத்துப் பரிமாறுகிறது. அந்த இனிப்பு சொல்லும் விசுவாசம் இதுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த ஜூபிலி ஆண்டில் எத்தனையோ திட்டங்கள் தீட்டியிருக்கிறோம். அவற்றோடு இதையும் சேர்த்துக் கொள்வோம். குருத்து ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை நம் வீடுகளிலும் கொழுக்கட்டை வேகட்டும். முதல் தட்டு நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அல்ல. அவ்வாண்டில் துக்கம் கண்ட வீடு நம் தெருவில் எதுவோ, எந்தச் சாதி, எந்த மதத்தார் வீடானாலும், அங்கே போகட்டும். கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாமல், சற்று உட்கார்ந்து, இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசிவிட்டு வாருங்கள். பெத்தானியாவில் ஆண்டவர் செய்ததும் அதுவே; அழுதவர்களோடு அவரும் அழுதார்.