துள்ளுமாரியும் எட்டாம் வகுப்பும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நுண்ணுயிரிகள் பாடத்தில் பாக்டீரியாவுக்குத் தயிரையும் காலராவையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். நம் திருத்தணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட நெருக்கமான ஒன்று உண்டு. ஆட்டுக்கு வரும் துள்ளுமாரி. என் வகுப்பில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் 'சிடுக ரோகம்' என்கிறார்கள். விரல் சொடுக்கும் நேரத்தில் ஆடு போய்விடுமாம்.

சென்ற ஆண்டு மழை பெய்து புல் தளிர்த்த வாரத்தில் ஒரு மாணவி பள்ளிக்கு வரவில்லை. மாலையில் நன்றாக மேய்ந்த கிடாக்குட்டி காலையில் செத்துக் கிடந்திருக்கிறது. கண்ணேறு என்று பக்கத்து வீட்டோடு சண்டை. மேய்த்தவள் என்பதால் இவளுக்கு அடி. "கொழுத்த குட்டிதான் சார் செத்துச்சு, நோஞ்சான் நல்லாத்தான் இருக்குது" என்றாள். கண்ணேறுக்கு வீட்டார் காட்டிய சான்றும் அதுதான்.

அறிவியலுக்கும் அதுவே சான்று. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா மண்ணிலும், நலமாக உள்ள ஆட்டின் குடலிலும்கூடக் கொஞ்சம் இருக்கும். ஆக்சிஜன் அதற்கு ஆகாது. நன்றாகத் தின்னும் குட்டி தளிர்ப்புல்லையோ தானியத்தையோ ஒரேயடியாகத் தின்றால், முழுதும் செரிக்காத தீனி சிறுகுடலுக்கு இறங்குகிறது. அதை உண்டு இதன் டி வகை பெருகி, எப்சிலான் நச்சைச் சுரக்கிறது. சுரக்கும்போது அதற்கு வீரியம் இல்லை. ஆட்டின் சொந்தச் செரிமான நொதியான டிரிப்சின்தான் அதை வெட்டிக் கொடியதாக்குகிறது. (இந்த இடத்தில் என் வகுப்பு எப்போதும் அமைதியாகிவிடும்.) நச்சு இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்க, ஆடு துள்ளி விழுகிறது. நோஞ்சானுக்கு அவ்வளவு தீனி கிடைப்பதில்லை, தப்பிக்கிறது.

இதே பாக்டீரியாவின் ஏ வகை நம்மையும் விடாது. கொதியிலும் அழியாத அதன் வித்துகள், பெரிய அண்டாவில் மெதுவாக ஆறும் குழம்பில் முளைக்கும். சத்துணவுக்கூடம் உள்ள நமக்கு இதுவும் பாடம்.

துள்ளுமாரி வந்தபின் சிகிச்சைக்குப் பெரும்பாலும் நேரம் இருக்காது. மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும். முதல்முறை போடும் குட்டிக்குச் சில வாரத்தில் இரண்டாவது ஊசியும் தேவை. கால்நடைத் தடுப்பூசிகளைத் தயாரிக்கும் அரசு நிலையம் 1932 முதல் ராணிப்பேட்டையில், சோளிங்கர் தாண்டினால் எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

மே மாதம் பள்ளி விடுமுறை. அதனால் இந்த ஏப்ரலில், தேர்வு முடிவதற்குள், ஆடு வளர்க்கும் வீடுகளின் பட்டியலைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்து கால்நடை மருந்தகத்தில் கொடுத்தேன். எத்தனை ஆடு, எத்தனை குட்டி என்று அந்த மாணவிதான் தெருத்தெருவாக எண்ணி வந்தாள். உங்கள் ஊர்ப் பட்டியலையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்த்துக் கொடுத்துவிடலாம்.