மின்னஞ்சலும் கடவுச்சொல்லும்

(நம் சங்கத்தின் குடும்பச் சந்திப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பேச வல்லார் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், இரயில்வே எழுத்தராகிய எம்மை அழைத்து, மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் காப்பதும் மாற்றுவதும் மீட்பதும் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கின்றார்கள். பொருள் வறண்டது என்று சிலர் எண்ணக்கூடும். டோம்பிவிலியில் வாழும் நமக்கு இஃது எத்துணை அண்மையது என்பதற்கு ஒன்று கூறுவோம். பொங்கலுக்கு ஊர் செல்ல வேண்டும். 60 நாள் முன்னதாகக் காலை 8 மணிக்கு ஐ.ஆர்.சி.டி.சி. தளம் திறக்கின்றது. கல்யாணில் ஏறும் வண்டியில் நான்கு இடம் பிடிக்க ஒருவர் விரல் துடிக்க அமர்ந்திருக்கின்றார். கடவுச்சொல் நினைவில் இல்லை. புதிய சொல் பெறும் வழி அவருடைய மின்னஞ்சலுக்குச் செல்கின்றது. மின்னஞ்சலின் சொல்லும் நினைவில் இல்லை. அதனை மீட்பதற்கான ஆறு இலக்கமோ, அவர் ஊரில் இருந்தபோது வாங்கிப் பின்னர்க் கைவிட்ட பழைய எண்ணுக்குப் போய்ச் சேர்கின்றது. அங்கே அதனைப் படிப்பவர் யார் என்பதும் தெரியாது. மணி எட்டேகால். பிறகு காத்திருப்போர் பட்டியல்தான்.

வண்டி போனால் அடுத்த வண்டி உண்டு. ஆனால் வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, வருமான வரி, பங்குக் கணக்கு, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் ஆகிய அனைத்தின் தாள்களும் இற்றை நாளில் அந்த ஒரே அஞ்சற்பெட்டியில்தானே வந்து விழுகின்றன? பிற தளங்களின் கடவுச்சொல்லை மறந்தால் மின்னஞ்சல் கைகொடுக்கும். மின்னஞ்சலையே இழந்தால் கைகொடுப்பது எது? வீட்டுச் சாவிகள் பலவாயினும் அவற்றைக் கோத்திருக்கும் வளையம் ஒன்று. அவ்வளையத்தைப் பற்றியே இன்று பேசுகின்றோம்.

எங்கள் பயணச்சீட்டு அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. ஒருவர் பணி முடிந்து மற்றொருவர் பொறுப்பேற்கும்போது, பணமும் சாவியும் இன்ன நேரத்தில் இன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டன என்று ஏட்டில் எழுதிக் கையொப்பம் இடுவோம். எவ்வளவு நெருங்கிய நண்பராயினும் ஏடு இல்லாமல் சாவி கை மாறாது. நம் இல்லங்களில் மின்னஞ்சலுக்கு அத்தகைய ஏடு உண்டா? பெரும்பாலும் இல்லை.

கடவுச்சொல்லின் கதை சற்றுச் சுவையானது. 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைப் பெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞர் அமைத்தார். ஒருவர் ஏட்டை மற்றொருவர் பார்த்தல் ஆகாது என்பதற்காக ஆளுக்கொரு சொல் கொடுக்கப்பட்டது. 1962-இல் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணிப்பொறி நேரம் போதாமையால், எல்லாருடைய சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிடும்படி கணிப்பொறிக்கே கட்டளை கொடுத்து, அதனைப் பெற்றுவிட்டார்! பூட்டுப் பிறந்த உடனே கள்ளச் சாவியும் பிறந்துவிட்டது என்க. பல்லாண்டுகள் கழித்து அவரே இதனை வெளியிட்டார்.

எல்லாச் சொற்களையும் எழுதியபடியே ஓரிடத்தில் வைத்தது அன்றைய குறை. இப்போது நல்ல நிறுவனங்கள் அவ்வாறு செய்வதில்லை. நாம் கொடுக்கும் சொல்லை அரைத்து, அரைத்த மாவை மட்டும் வைத்துக்கொள்கின்றன. மறுநாள் நாம் சொல்லைக் கொடுத்தால் அதனையும் அவ்வாறே அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று ஒப்பிடுகின்றன. மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பெற இயலாது அன்றோ? ஆதலின்தான், 'என் பழைய சொல்லைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் அவர்களாலும் சொல்ல முடிவதில்லை. புதிய சொல் வைக்க மட்டுமே வழி செய்கின்றார்கள். எந்தத் தளமாவது நம் பழைய சொல்லை அப்படியே எழுதி அனுப்புமாயின், அங்கே அரிசி மூட்டை திறந்து கிடக்கின்றது என்று உணர்ந்து கொள்க. அரைக்கும்போது ஒவ்வொருவர் சொல்லோடும் வெவ்வேறு துணுக்கைச் சேர்க்கும் முறையை மாரிஸ், தாம்ப்சன் என்னும் இருவர் 1979-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'உப்பு'. சமையல் அறிந்தோர் போலும்!

நமது மும்பை மாநகரமும் இக்கதைக்குப் புறம்பன்று. 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. மறு ஆண்டே, பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா அமெரிக்காவில் தம் நண்பருடன் ஹாட்மெயிலைத் தொடங்கினார். மும்பையின் ரீடிஃப் நிறுவனமும் இலவச மின்னஞ்சல் வழங்கியது. நம்முள் மூத்தோர் பலரின் முதல் முகவரி அதுவே. 2004-இல் ஜிமெயில் வந்தது. அந்நாள்களில் கடிதம் எழுதுவதற்காக மட்டும் திறந்த பெட்டி அது. அதற்கு இட்ட பூட்டும் கடிதத்துக்கேற்ற பூட்டாகவே இருந்தது. பெட்டியுள் இன்று குடும்பச் சொத்து முழுவதும் இருக்கின்றது. பூட்டு மட்டும் பழையதாகவே இருக்கின்றது.

பூட்டை உடைத்து வருவோரைக் காட்டிலும், 'மறந்துவிட்டேன்' என்னும் புறக்கடை வழியே வருவோரை அஞ்சுதல் வேண்டும். 2008-ஆம் ஆண்டு அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலின் அம்மையாரின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் புகுந்தார். பெரும் சூழ்ச்சி எதுவும் இல்லை. பிறந்த நாள், அஞ்சல் குறியீட்டு எண், கணவரை முதலில் சந்தித்த இடம் இவற்றைக் கேட்டது அத்தளம். மூன்றும் ஊரறிந்த செய்திகள். விடை எழுதினார், கதவு திறந்தது.

நம்மவர் நிலையை எண்ணிப் பாருங்கள். 'உம் தந்தையின் பெயர் என்ன?' என்பதை மறைக் கேள்வியாக வைத்தால், நம் பெயருக்கு முன் நிற்கும் எழுத்தே பாதி விடையைக் கூறிவிடும். 'பிறந்த ஊர் யாது?' என்றால், திருமண அழைப்பிதழில் பாட்டன் காலத்து ஊர்ப் பெயர் வரை அச்சிட்டு ஐந்நூறு பேருக்குக் கொடுத்திருப்போம். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்துக் கடவுச்சொல் வைப்போர் நம் குடியிருப்பில் எத்தனை பேர் என்று கேட்டால், கை தூக்க வேண்டியவர் தொகை பெரிதாகவே இருக்கும்; ஆகவே கேளாது விடுகின்றோம். யாஹூவில் 2013-இல் நிகழ்ந்த களவில் 300 கோடிக் கணக்குகளும் உள்ளாயின என்று 2017-இல் அந்நிறுவனமே அறிவித்தது. மறைக் கேள்விகளின் விடைகளும் அக்களவில் சிக்கியவற்றுள் அடங்கும். கடவுச்சொல்லை மாற்றலாம். பிறந்த ஊரை மாற்ற இயலுமா? ஆதலின் எந்தத் தளமாவது இத்தகைய கேள்வி கேட்டால் உண்மை விடை கூறுதல் வேண்டா. பொருந்தாத ஒரு விடையைப் புனைந்து, அதனைக் குறித்து வைத்துக்கொள்ளுதல் நலம். பொய்யுரைத்தல் தகுமோ என்று ஓர் அன்பர் முன்பு எம்மைக் கேட்டார். பூட்டுக்கு முன் நின்று உண்மை பேச வேண்டும் என்று எந்த நூலும் விதித்ததாக யாம் அறியோம்.

இனிக் கைப்பேசி எண். இன்று புறக்கடைச் சாவி அதுவே. 2018 டிசம்பர் இறுதியில், நம் மாகிமில் வாழ்ந்த ஒரு துணி வணிகருக்கு நள்ளிரவில் ஆறு அழைப்புகள் வந்து நின்றன. காலையில் கைப்பேசி உயிரற்றுக் கிடந்தது. அவருடைய எண்ணுக்கு வேறொரு சிம் அட்டையைக் களவாகப் பெற்றவர்கள், அவர் கணக்கிலிருந்து ரூ. 1.86 கோடியை எடுத்துவிட்டதாக நாளேடுகள் எழுதின. கைப்பேசியில் காரணமின்றி இணைப்பு அற்றுப்போனால், 'கோபுரத்தில் பழுது' என்று உறங்கிவிடாமல், வீட்டிலுள்ள மற்றொரு கைப்பேசியிலிருந்து சேவை நிலையத்தை உடனே அழைத்துக் கேட்டல் வேண்டும்.

களவு இல்லாமலும் எண் கை மாறும். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்கு வழங்குவது நம் நாட்டு நடைமுறை. இது 2023-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று, பழைய எண்ணோடு தொடர்புடைய தம் செய்திகளைக் காத்துக்கொள்வது சந்தாதாரர் பொறுப்பு என்ற அளவில் முடிந்தது. ஊரை விட்டுப் பிழைக்க வந்த நமக்கு இஃது எத்துணைப் பெரிய செய்தி! வந்தவுடன் மும்பை எண் வாங்குகின்றோம். ஊர் எண்ணுக்குப் பணம் கட்ட மறக்கின்றோம். மின்னஞ்சலில் பதிந்திருப்பதோ ஊர் எண்.

எம் அண்டைக் கட்டடத்தில் ஒரு குடும்பம். பெயர் வேண்டா. தனியார் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய குடும்பத் தலைவர் திடீரென மறைந்தார். அவருடைய காப்பீட்டுப் பத்திரங்கள் இரண்டு மின்னஞ்சலில்தான் வந்திருந்தன. எந்த நிறுவனம், எத்தனை ரூபாய் என்பது அம்மையாருக்குத் தெரியாது. அவர் கைப்பேசியின் பூட்டு யாருக்கும் திறக்கவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன், அறிந்த சொற்களையெல்லாம் இட்டுப் பார்த்தான். தந்தை தன் பெயரைத்தான் வைத்திருப்பார் என்று நம்பித் தன் பெயரை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தான். பலமுறை தவறவே தளம் வழியை அடைத்துவிட்டது. மீட்பு எண்ணாகப் பதிந்திருந்தது திருநெல்வேலியில் வாங்கிய பழைய எண். அது வேறொருவர் கையில் இருந்தது. யாமும் இரு நண்பர்களும் சேர்ந்து வங்கிக் கணக்கேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டி, ஆண்டுதோறும் ஒரே திங்களில் கழிந்த தொகைகளைக் கொண்டு நிறுவனங்களை அடையாளம் கண்டோம். பணம் வந்தது, ஆனால் ஏழு மாதம் சென்றது. அந்த ஏழு மாதமும் அம்மையார் பள்ளிக் கட்டணத்துக்கு யாரிடம் கேட்டார் என்பது அவர்க்கே வெளிச்சம்.

நிற்க. செய்ய வேண்டுவது யாது?

கடவுச்சொல் நீளமாக இருத்தல் வேண்டும். பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து, சில திங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அலுவலகங்களில் சொல்லக் கேட்டிருப்போம். அமெரிக்கத் தர நிறுவனத்துக்காக 2003-இல் அவ்விதியை எழுதிய பில் பர் என்பாரே, 2017-இல் அதற்காக வருந்துவதாகக் கூறினார். அவ்வாண்டு திருத்தப்பட்ட விதியும் நீளத்தையே வற்புறுத்தி, காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்வதை விலக்கிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள். எங்கள் அலுவலகத்திலும் கண்ட காட்சிதான். தொடர்பற்ற நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் போதும்: முறம், தண்டவாளம், நாவற்பழம், உறுமி என்பது போல. இம்மலரில் அச்சாகிவிட்டமையால் இந்நான்கையும் யாரும் வைத்தல் ஆகாது! நாடறிந்த செய்யுளடியும் திரைப்பாட்டும் வேண்டா. மின்னஞ்சலுக்கு வைத்த சொல்லை வேறெங்கும் வைக்காதிருத்தல் இவை எல்லாவற்றினும் முதன்மையானது; ஒரு சிறு கடையின் தளம் களவு போனால், திருடர் முதலில் அதே சொல்லை மின்னஞ்சலில் இட்டுப் பார்ப்பர்.

காகிதத்தில் எழுதி வைத்தல் தவறு என்பாரும் உளர். எமக்கு உடன்பாடில்லை. எங்கோ இருந்து வலைவீசும் திருடனால் டோம்பிவிலியில் உள்ள நம் கோத்ரெஜ் பீரோவைத் திறக்க முடியாது. சட்டைப்பையிலும் கைப்பேசிப் படத்திலும் வைத்தலே கேடு. இருநிலைச் சரிபார்ப்பைத் தொடங்கினால், ஒவ்வொன்றும் எட்டு இலக்கமுள்ள பத்து மாற்று எண்களைக் கூகுள் வழங்கும். அவற்றை அச்சிட்டுக் குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்க. மாலை வண்டியின் வாயிலில் தொங்கும்போது கைப்பேசி தட்டிப் பறிக்கப்பட்டால், அன்றிரவு கணக்கைத் திறக்க அக்காகிதமே துணை. கைரேகையால் திறக்கும் புதுவகைச் சாவிகளும் இப்போது வந்துள்ளன, நல்லவையே. அவற்றைக் கொண்ட கைப்பேசி தொலைந்தாலும் மீண்டும் புறக்கடைக்கே வர நேரிடும் ஆதலின், மீட்பு எண்ணையும் மீட்பு முகவரியையும் இன்றே திறந்து பார்த்துத் திருத்துங்கள்.

கணக்கை மீட்க முயலும்போது, வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியில், வழக்கமான இடத்திலிருந்தே முயலுக. நினைவிலுள்ள பழைய சொல்லையும் கேட்டால் கொடுக்கலாம். 'வாடிக்கையாளர் உதவி எண்' என்று தேடிக் கிடைக்கும் எண்ணை அழைத்தல் கூடாது. அங்கே காத்திருப்பவன் பெரும்பாலும் வேடன். மீண்ட பின்னர்ச் சொல்லை மாற்றுவதோடு நின்றுவிடலாகாது. அறிமுகமற்ற கருவிகளை வெளியேற்றுக. வரும் கடிதங்களின் படியை வேறு முகவரிக்கு அனுப்பும்படி திருடன் அமைத்துவிட்டுப் போயிருப்பான். அவ்வமைப்பை நீக்காவிடில் புதுப் பூட்டாலும் பயனில்லை. பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைத்திடுக. பிறர் கடவுச்சொல்லை ஏமாற்றிப் பயன்படுத்துவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது.

இறுதியாக, ஊரிலுள்ள முதியோர் கணக்குகள். ஈராண்டு தொடாமல் கிடக்கும் தனியார் கணக்குகளை நீக்கிவிடும் விதியைக் கூகுள் 2023-இல் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் செயற்படுத்தத் தொடங்கியது. தந்தையார் தம் கணக்கில் சேர்த்து வைத்த படங்கள் அதனால் அழியலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அவரை ஒருமுறை உள்நுழையச் செய்யுங்கள். நமக்குப் பின் நம் கணக்கை யார் பார்க்கலாம் என்பதையும் அந்நிறுவனத்தின் அமைப்புப் பக்கத்தில் நாமே முன்கூட்டிக் குறித்து வைக்கலாம். மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை காலம் வைக்கலாம். பத்துப் பேர் வரை பெயர் கொடுக்கலாம். கணக்கு அத்துணைக் காலம் அசையாதிருந்தால் அவர்களுக்குக் கடிதம் செல்லும். முதற்பெயராக இல்லாளின் பெயரை எழுதுங்கள். எழுதியதை அவரிடம் சொல்லியும் வையுங்கள்.