ஒரே வண்டியில் மூவர்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு ஊர்ப்பயணம் புதிதன்று. ஆயினும், உடன்பிறந்தோர் அனைவரும் ஒரே வண்டியில் ஊர் செல்லும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிட்டுவதில்லை. எங்களுக்குக் கிட்டிய அத்தகைய பயணம் ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

நாங்கள் மூவர். அண்ணன் தில்லியில், அக்காள் போபாலில், தம்பி நாகபுரியில். மயிலாடுதுறையில் தனித்திருந்த அன்னையார் மறைந்தபோது மூன்று வழியாக வந்தோம். ஈமக்கடன் முடிந்ததும் மூன்று வழியாகத் திரும்பினோம். ‘அம்மாவை நீ ஏன் அழைத்துச் சென்று வைத்துக்கொள்ளவில்லை?’ என்ற கேள்வி ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருந்தது. ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஆண்டுத் திதிக்கு, அக்காளின் முயற்சியால், ஒரே வண்டியில் இடம் பதிவாயிற்று. 1929இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கி, பின்னர் தில்லியையும் சென்னையையும் இணைப்பதாக அமைந்த கிராண்ட் டிரங்க் விரைவு வண்டி அது. ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். சம்பல், நருமதை, கோதாவரி, கிருஷ்ணை, வடபெண்ணை என ஆறுகள் பல. அண்ணன் தில்லியில் மாலையில் ஏறினார். அக்காள் நள்ளிரவுக்குப் பின் ஏறினார். காலையில் நாகபுரியில் தம்பி, ஒரு தூக்கு நிறையப் புளியோதரையுடன் வந்து சேர்ந்தான். உண்டோம், பேச்சு எழவில்லை.

பிற்பகலில் கோதாவரிப் பாலத்தின்மேல் வண்டி அதிர்ந்து சென்றபோது, அக்காள் கைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். சிறுவயதில் கொள்ளிடத்தைக் கடக்கும்போதெல்லாம் அன்னையார் எங்கள் கையில் காசு கொடுத்து ஆற்றில் இடச் சொல்வார். குளிர்சாதனப் பெட்டியின் கண்ணாடியோ திறவாது. காசை உள்ளங்கையில் வைத்தபடியே அக்காள் சொன்னார்: “எத்தனையோ முறை அழைத்தேன். மகன்கள் இருக்க மகள் வீட்டில் தங்கினால் அவர்களுக்குத் தலைகுனிவு என்றுவிட்டார்.”

அண்ணன் திகைத்தார். அவரிடம், “சின்னவன் மனம் நோகும்” என்றிருக்கிறார். தம்பியிடமோ, “பெரியவன் இருக்க உன்னிடம் வரலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

தம் வீட்டை விட்டு வர அவருக்கு மனமில்லையோ? அல்லது யாரேனும் ஒருவர் வற்புறுத்த வேண்டுமெனக் காத்திருந்தாரோ? “மூவரும் சேர்ந்து போய் நின்று ஒருமுறை கேட்டிருக்கலாம்” என்றான் தம்பி. அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

மறுநாள், மயிலாடுதுறை செல்லும் வண்டியில் சன்னல் திறந்திருந்தது. கொள்ளிடத்தில் அக்காள் அந்தக் காசை இட்டார். நீரில் விழுந்ததோ மணலில் விழுந்ததோ, தெரியவில்லை.

நேயர்களே, பெற்றோரிடம் தனித்தனியே தொலைபேசியில் பேசிவிட்டு, அவர்தம் மனத்தை அறிந்துவிட்டோம் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் வாயிற்படியில் நின்று வரவேற்கும் காலத்திலேயே, ஒருமுறையேனும், அனைவரும் ஒரே வண்டியில் செல்லுங்கள்.