கேட்கப்படாத அழுகை



நம் வட்டம் பத்தாம் ஆண்டு காணும் இவ்வேளையில், பத்துப் பருவங்கள் கொண்ட பிள்ளைத்தமிழை நினைப்பது பொருத்தமே. காப்பில் தொடங்கும் அவ்விலக்கியத்தில் ஐந்தாம் திங்களுக்குரியது செங்கீரைப் பருவம். கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடும் குழந்தையைக் கண்டு மகிழத் தாயொருத்தி அருகில் இருக்கிறாள் என்பதில் அங்குக் கவிஞனுக்கு ஐயமே எழுவதில்லை. அவள் அருகிலிருந்தும் அவள் கண் குழந்தையின்மேல் படவில்லையெனில் என்ன நேரும்? அதைப் பற்றியே சில சொல்ல விழைகின்றேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகரில் பணியாற்றிய செல்மா ஃபிரைபெர்க் என்னும் அறிஞர், எட்னா அடெல்சன், விவியன் ஷப்பிரோ ஆகிய இருவருடன் சேர்ந்து 1975ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். குழந்தையின் அறையில் உலவும் பேய்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். பெற்றோர்தம் இளமைக்காலத்துத் தீராத் துயரங்களையே அவர் பேய்கள் என்றார். அவை அழையாமல் வந்து தொட்டிலருகே நிற்பவை.

அக்கட்டுரையில் மேரி என்னும் புனைபெயரால் சுட்டப்படும் குழந்தைக்கு வயது ஐந்தரை மாதம். நம் வழக்கில் செங்கீரை ஆடும் வயது. அவள் அரிதாகவே சிரித்தாள். தாயின் முகத்தை நாடவில்லை. அவள் வீறிட்டு அழுதபோதும் தாய் எங்கோ நோக்கியிருந்தாள். அத்தாயைக் கொடியவள் என்று ஆய்வாளர்கள் ஒதுக்கவில்லை. தன் குழந்தையின் அழுகை இவளுக்கு ஏன் கேட்கவில்லை என்றே வினவினர்.

விடை அவளது இளமையில் இருந்தது. அவளைப் பெற்றவள் மனநோயுற்றாள். மகள் உறவினர் கைகளில் மாறி மாறி வளர்ந்தாள். அந்நிகழ்ச்சிகளை அவள் மறந்துவிடவில்லை. ஆயினும் பிறர் கதைபோலக் கண்ணீரின்றிச் சொன்னாள். நிகழ்ச்சி நினைவிலிருந்தது, அதன் வேதனைதான் புதைந்துபோயிருந்தது.

சிகிச்சையாளர் அவள் இல்லத்திற்கே சென்றார். குழந்தையும் உடனிருந்தது. தாய்மை பற்றி உபதேசம் செய்யாமல், அவளது துயரைச் செவிமடுத்தார். அவளால் சொல்ல இயலாதவற்றிற்குச் சொல் தேடித் தந்தார். முதல் மாதம் முடியுமுன்பே ஒருநாள், தன் துயரைக் கொட்டிக்கொண்டிருந்த அத்தாய் குழந்தையை எடுத்து இறுக அணைத்து, உடைந்த குரலில் தாலாட்டுப்போல் ஏதோ முணுமுணுத்தாள். தன் அழுகையை ஒருவர் கேட்ட பின்னரே குழந்தையின் அழுகை அவள் செவியில் விழுந்தது.

நம் நாட்டுப்புறத் தாலாட்டை ஆராய்ந்தோர்க்கு இது வியப்பளிக்காது. தொட்டிலை ஆட்டும் பெண் பிறந்தகத்தின் நினைவையும் புகுந்தகத்தின் மனக்குறையையும் வறுமையையும் அப்பாட்டிலேயே வைத்துப் பாடுகிறாள். சொல்லறியாக் குழந்தைக்குப் பாடும் பாட்டில் தன் துயரையும் அவள் ஆற்றிக்கொள்கிறாள்.

இங்கு ஒன்று தெளிவாக வேண்டும். துன்புற்று வளர்ந்தோர் அனைவரும் அத்துன்பத்தைத் தம் மக்கள்மேல் சுமத்துவதில்லை. பட்ட வேதனையை உணர்வோடு நினைவிற்கொண்டவர் அதனின்று தப்புகின்றனர் என்பது ஃபிரைபெர்க்கின் கருத்து. அன்பு பெற்ற கணங்களின் நினைவும் தேவதைபோல் தொட்டிலைக் காக்கும் என்று 2005இல் அலீசியா லீபர்மனும் அவர்தம் குழுவினரும் எழுதினர். 2015இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு 8 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. இடர்மிகு குடும்பங்களில் குழந்தையின் பிணைப்பு உறுதிபெற இச்சிகிச்சை உதவக்கூடும் என்றது. பிற சிகிச்சைகளினும் இது மேலானது என்பதற்குச் சான்றில்லை என்றும் கூறியது. எனவே இதனை மாமருந்தாக நான் முன்வைக்கவில்லை.

கவிஞர்களே, நாம் தாய்மையைத் தெய்வமாக்கிப் பாடியிருக்கிறோம். பெற்ற பிள்ளைமேல் அன்பு சுரக்கவில்லையே என்று உள்ளுக்குள் நடுங்கும் தாய்க்கு அப்பாட்டில் இடமில்லை. அவளும் நம் பாட்டைக் கேட்கிறாள். கேட்டபின் தன் நிலையை எவரிடமும் சொல்ல அஞ்சுகிறாள். அவள் வாய்மூடினால் குழந்தையின் அழுகையும் கேட்பாரற்றுப் போகும். உங்கள் அடுத்த கவிதையில் அவளுக்கும் இடம் தாருங்கள். அவளை வாழ்த்தவும் வேண்டா, பழிக்கவும் வேண்டா. அவள் சொல்வதைக் கேட்டு எழுதினால் போதும்.